பண்டிகைச் சமையலில் குட்டிக்கோஸ்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ பேச நான் வரவில்லை. நம் தோட்டத்திலேயே விளைந்து, நம் அடுப்பங்கரைக்குள் மட்டும் நுழையாமல் லாரி ஏறிப் போய்விடுகிற ஒரு காயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்று சொல்லுகிறோமே, அதுதான். புத்தகங்களில் களைக்கோஸ் என்று எழுதுகிறார்கள். ஒரே தண்டில் கீழிருந்து மேல்வரை, ஒவ்வோர் இலைக்காம்பின் இடுக்கிலும் ஒரு குட்டி முட்டைக்கோஸ் உட்கார்ந்திருக்கும். நம் வசதிக்கு இன்றைக்கு இதைக் குட்டிக்கோஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

போன பனிக்காலத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நாலு பாத்தி குட்டிக்கோஸ், செடி இடுப்பளவு நிற்கிறது. வாசலில் ஒரு சாக்கு. மண்டியில் கழித்துத் திருப்பி அனுப்பிய காய். கொஞ்சம் பொடிசு, கொஞ்சம் இதழ் விரிந்தது, அவ்வளவுதான் குறை. மாட்டுக்குப் போடுவதற்காக வைத்திருந்தார்கள். உள்ளே அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கத்தரிக்காய் கீழ்நாட்டிலிருந்து வந்தது, காசு கொடுத்து வாங்கியது!

"இந்தக் காயை வீட்டில் எப்படிம்மா சமைக்கிறீங்க?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"அட போங்க, அது விக்கிற காயிங்க, திங்கிற காயா? ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆசைப்பட்டுக் குக்கர்ல வச்சேன். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் அழுகின முட்டை வாடை. பசங்க தட்டை நகர்த்திட்டு எழுந்து போயிட்டாங்க. பண்டிகை நாள்ல இப்படிப் பண்ணிட்டியேன்னு மாமியார் ஒரு வாரம் சொல்லிக் காட்டினாங்க" என்றார்.

அந்த அம்மா மேல் தப்பே இல்லை. குற்றம் குக்கரின் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், நம் மலையின் உயரத்தின் மேல். உதகை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்றால், இங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் சூடு குறைவு. அதனால்தான் துவரம் பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. மலையில் இருக்கிற வீடுகளில் எதை எடுத்தாலும் குக்கரில் போடுகிற பழக்கம் அப்படித்தான் வந்தது. பருப்புக்கும் மொச்சைக்கும் அது சரி. குட்டிக்கோஸுக்கு அது எமன்.

காரணத்தைச் சொல்லுகிறேன். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக் காய்கள் எல்லாவற்றிலும் கந்தகம் கலந்த சத்துகள் உண்டு. கடுகைக் கடித்தால் சுருக்கென்று இருக்கிறதே, அதுவும் இதனால்தான். காய் சூடுபட்டு வெந்துகொண்டே போனால் இந்தச் சத்துகள் உடைந்து கந்தக ஆவி கிளம்பும். அழுகின முட்டை வாடை என்று அந்த அம்மா சொன்னது மிகவும் சரியான வார்த்தை, முட்டையில் வருவதும் அதே ஆவிதான். முதல் நாலைந்து நிமிடத்தில் அதிகம் தெரியாது. அதற்குமேல் போகப் போக வாடை மளமளவென்று ஏறும். குக்கரிலோ உள்ளே சூடு அதிகம், மூடியும் இறுக்கம், வாடை போக வழியே இல்லை. மூன்று விசில் வந்ததென்றால் காய் குழைந்து, பச்சை நிறம் போய்க் காக்கி நிறமாகி, வைட்டமின் சத்தும் குறைந்துவிடும்.

நிறம் போகாமல் இருக்கச் சிலர் சோடா உப்பு ஒரு சிட்டிகை போடுவார்கள். போடாதீர்கள். நிறம் நிற்கும், காய் சேறாகிவிடும், சத்தும் போகும்.

இனி கசப்பு. வாடை வேறு, கசப்பு வேறு. கசப்பு ரகத்தையும் பருவத்தையும் பொறுத்தது. 1990-களில் ஹாலந்து நாட்டு விதை ஆராய்ச்சியாளர்கள் எந்தச் சத்தினால் இந்தக் கசப்பு வருகிறது என்று பிரித்துக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கசப்புக் குறைந்த ரகங்களைத் தேடிப் பிடித்துப் பெருக்கினார்கள். ஆகவே விதை வாங்குகிறபோது மகசூலை மட்டும் கேட்காமல், கசப்பு எப்படி என்றும் கேளுங்கள். குழந்தைகளுக்குக் கசப்பு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். "நான் சாப்பிடறேன், உனக்கென்ன?" என்று அதட்டுகிறோமே, அந்தப் பிள்ளையின் நாக்கில் படுவது நமக்குப் படுகிற அதே ருசி இல்லை.

பருவத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு அதிர்ஷ்டம். நவம்பரில் நீர்ப்பனி விழும், டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும். உறைபனி என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். தேயிலை கருகும், உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் வெந்தது போல் ஆகிவிடும். ஆனால் இந்தக் குட்டிக்கோஸ் குளிர் தேசத்துப் பயிர். லேசான உறைபனிக்கு அசையாது. அது மட்டுமில்லை, குளிர் தாக்கும்போது தன் இலையில் இருக்கிற நீர் உறைந்துபோகாமல் இருக்கச் செடி சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் நாலைந்து நாள் நல்ல பனி பட்ட பிறகு பறித்த காயில் ஒரு தித்திப்பு இருக்கும். கிறிஸ்துமஸ், ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல் எல்லாம் அடுத்தடுத்து வருகிற அந்த நாட்களில்தான் இந்தக் காய் தன் ருசியின் உச்சத்தில் இருக்கிறது. மண்டிக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் பண்டிகைக்கு வேறு காய் வாங்குகிறோம்!

பறிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. காய் கீழிருந்து மேலாக முற்றும். கெட்டியாக, பெரிய நெல்லிக்காய் அளவிலிருந்து சின்ன எலுமிச்சம்பழ அளவு வரை இருக்கிறபோது கீழ்வரிசையை முதலில் பறியுங்கள். பெரிசாகட்டும் என்று விட்டால் இதழ் விரியும், ருசியும் முரடாகும். வீட்டுக்குப் பொடிக்காயே உத்தமம். மண்டிக்காரர் கழிக்கிற பொடிசுதான் பண்டிகைச் சமையலுக்கு முதல் தரம். பறித்த அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். வைக்க வைக்க வாடையும் கசப்பும் கூடும். இரண்டு மூன்று நாள் வைத்தே ஆகவேண்டும் என்றால் காயைக் கிள்ளாமல் தண்டோடு வெட்டி நிழலில் வையுங்கள். இங்கிலாந்துச் சந்தைகளில் தண்டோடும் அடுக்கி விற்பதுண்டு. வாடாமல் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தச் செடிக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியும் அசுவினியும் தீராத தொல்லை. மருந்து அடிக்காமல் முடிவதில்லை என்று நீங்கள் சொல்லுவீர்கள். அடித்தால், டப்பாவின் சீட்டில் பறிப்புக்கு எத்தனை நாள் இடைவெளி என்று போட்டிருக்கும். அத்தனை நாள் கழியாமல் பறிக்காதீர்கள், வீட்டுக்கும் சரி, மண்டிக்கும் சரி. ஓரமாக ஒரே ஒரு வரிசையை வீட்டுக்கென்று ஒதுக்கி, புழுவைக் கையால் பொறுக்கி, அசுவினி ஏறின இலையைக் கிள்ளிப் போட்டு வளர்க்கிற வீடுகளும் உண்டு. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செடி தாராளம்.

சரி, அடுப்பங்கரைக்குப் போவோம். ஐந்தாறு பேருக்கு அரைக் கிலோ காய் எடுத்துக்கொள்ளுங்கள். பழுத்த மேல் இதழ்களை உரியுங்கள். அடிக்காம்பை ஒரு நூல் அளவு மட்டும் சீவுங்கள். ஆழமாக வெட்டினால் இதழ்கள் பிரிந்து சிதறிவிடும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கைப்பிடி உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டு, காயைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். இடுக்கில் ஒளிந்திருக்கிற அசுவினியும் சின்னப் புழுவும் மேலே மிதந்து வந்துவிடும். பிறகு இரண்டு தண்ணீரில் அலசி, ஒவ்வொரு காயையும் காம்போடு சேர்த்து நெடுக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். சீமையில் காயை முழுசாக வைத்துக்கொண்டு காம்பில் மட்டும் கத்தியால் பெருக்கல் குறி போடுவார்கள், உள்ளே வேகட்டும் என்று. அதற்குள் வெளி இதழ் குழைந்து போகும். பிளப்பதே நமக்கு நல்லது.

பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள். காயைக் கொட்டுங்கள். மூடக் கூடாது. திறந்தே இருக்கட்டும், வாடை மேலே போகட்டும். கீழ்நாட்டில் மூன்று நிமிடம் போதும், நம் உயரத்துக்கு நாலு நிமிடம். கடிகாரம் பார்க்க முடியாதவர்கள் காம்பில் கத்தி முனையைக் குத்திப் பாருங்கள். கொஞ்சம் எதிர்த்து, பிறகு உள்ளே இறங்க வேண்டும். வெண்ணெய்போல் இறங்கினால் காரியம் கெட்டது. உடனே தண்ணீரை வடித்து, சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிவிடுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே மேலும் வெந்துவிடும். ஈரமும் நன்றாக உலரவேண்டும். இந்த ஈரம் உலருகிற வேலையில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள்.

இதுவரை உள்ளதைப் பண்டிகை நாளன்று காலையிலேயே முடித்து வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்கோ மாதா கோவிலுக்கோ போய்வந்து, இலை போடுகிற நேரத்தில் பத்து நிமிட வேலைதான் பாக்கி.

இரும்பு வாணலியை நன்றாகக் காய வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தாளிப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் எடுக்கச் சொல்லுகிறேன் என்றால், காய் சிவக்கிறதற்குள் உளுத்தம்பருப்பு கருகிவிடும். அதே எண்ணெயில் காயை வெட்டின முகம் கீழே இருக்கும்படி வரிசையாகப் பரப்புங்கள். இனி கரண்டியைக் கீழே வையுங்கள். கிளறாதீர்கள்! நாலைந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். நம் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் கிளறினால் சிவக்காது, சிவக்காவிட்டால் இந்தச் சமையலே இல்லை. வெட்டின முகம் தேன் நிறத்துக்குச் சிவக்கிறபோது காயில் இருக்கிற சர்க்கரை கருக்கென்று வறுபட்டு, வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை வரும். கந்தக வாடை கிளம்ப அங்கே நேரமே கொடுக்கவில்லை நாம்.

சிவந்தபின் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் இரண்டு, கொஞ்சம் இஞ்சி போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டுங்கள். உப்பைச் சரிபாருங்கள். உப்புத்தான் கசப்பை அடக்கும் முதல் மருந்து, சற்று முன்னே பின்னே இருந்தாலும் குறைவாக இருக்கக் கூடாது. எடுத்து வைத்த தாளிப்பையும் அரை மூடித் தேங்காய்த் துருவலையும் போட்டு இறக்குங்கள். தேங்காயின் தித்திப்பும் கொழுப்பும் மிச்சக் கசப்பை மூடிவிடும். எலுமிச்சம்பழச் சாறு பிழிவதானால் பரிமாறும்போது பிழியுங்கள். முன்னமே பிழிந்தால் பச்சை நிறம் மங்கிப்போகும்.

வீட்டில் பல் இல்லாத பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வேறு வழி. காயை வேகவைக்காமல், முட்டைக்கோஸ் பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி மெல்லிசாக அரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கேரட்டைத் துருவி ஒரு பங்கும், பச்சைப் பட்டாணி ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாணியை முன்னால் வேகவைத்துக்கொள்ள வேண்டும். வாணலியில் நெய்யோ எண்ணெயோ விட்டு, அரிந்த காயையும் கேரட்டையும் நல்ல தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்கி, பட்டாணியும் தேங்காயும் சேர்த்து இறக்குங்கள். கேரட்டின் இனிப்பு இருப்பதால் பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். முதல் முறையாகப் போடுகிற வீட்டில் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பொங்கல் அன்றைக்குச் சாமிக்குப் படைக்கிற கூட்டில் நாட்டுக்காய்தான் போடுவோம், இங்கிலீஷ் காய் சேர்க்கமாட்டோம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. வேண்டாம், அதில் நான் கைவைக்கச் சொல்லவில்லை. மாட்டுப்பொங்கல் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இங்கிலீஷ் காய் என்கிற பெயரே நம் மலைச் சரித்திரம்தான். 1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் உதகையில் குடியேறிய காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகள் இங்கே பயிராகத் தொடங்கின. குட்டிக்கோஸின் பெயரில் இருக்கிற பிரஸ்ஸல்ஸ் பெல்ஜியம் நாட்டின் தலைநகரம். அந்த வட்டாரத்தில் பல நூறு ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்ததால் ஊர்ப்பெயர் காய்க்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்தென்றால் வான்கோழிக்குப் பக்கத்தில் இது இருந்தே ஆகவேண்டும். அங்கும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வேண்டிய காயை நவம்பர் மாதமே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று தங்கள் பாட்டிமார் சமையலை அவர்களே கேலி பேசுவார்கள். சீமைக்காரர்களுக்கும் நமக்கும் நேர்ந்த விபத்து ஒன்றேதான். இப்போது அங்கேயும் குழைய வேகவைப்பதை விட்டு, சிவக்க வறுக்கிற பக்கம் நிறையப் பேர் திரும்பிவிட்டார்கள்.

சத்து எப்படி? நூறு கிராம் பச்சைக்காயில் வைட்டமின் சி சுமார் 85 மில்லிகிராம். ஆரஞ்சுப் பழத்தைவிட அதிகம். நார்ச்சத்து நாலு கிராமுக்குப் பக்கத்தில். புரதமும் மூன்று கிராமுக்கு மேல், ஒரு காய்க்கு இது நல்ல அளவு. வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும். அதற்காகவும்தான் நாலு நிமிடத்தில் எடுக்கச் சொல்லுகிறேன்.

இரண்டு எச்சரிக்கை. இதய வால்வு ஆபரேஷன் மாதிரி காரணங்களுக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், பண்டிகை என்று திடீரென்று இதை நிறையச் சாப்பிட வேண்டாம். இதில் வைட்டமின் கே மிகுதி. அந்த வகை மாத்திரைகளில் சிலவற்றின் வேலையை அது குறைத்துவிடும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அளவாகச் சாப்பிடட்டும். கழலை நோய் உள்ளவர்கள் இந்தக் குடும்பத்துக் காய்களைப் பச்சையாக நிறையத் தின்னக் கூடாது. வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை, சமையலுக்கு அயோடின் உப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

உரித்த இதழும் கழிவும் மாட்டுக்குத்தானே போகும்? போடுங்கள். ஆனால் பால் கறந்த பிறகு போடுங்கள். கறப்பதற்கு முன்னால் தின்றால் பாலில் கோஸ் வாடை ஏறும். பண்டிகைப் பாயசத்தில் அந்த வாடை வந்தால் மறுபடியும் மாமியார் ஒரு வாரம் பேசுவார்! ஒரேயடியாகச் சாக்கு நிறையக் கொட்டவும் வேண்டாம், வைக்கோலோடும் புல்லோடும் கலந்து கொஞ்சமாகப் போடுங்கள்.

செடியின் உச்சியில் கொத்தாக இருக்கிற இளம் இலையை எறிந்துவிடாதீர்கள். கீரை மாதிரி பொரியல் செய்யலாம், காயைவிட அது சாது.

பிள்ளைகளுக்குப் பரிமாறுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். முதல் தடவை இரண்டே துண்டு வையுங்கள், நன்றாகச் சிவந்த துண்டாகப் பார்த்து. "சத்து, சாப்பிடு" என்று மிரட்ட வேண்டாம். மேல் இதழ் உரிக்கிற வேலையைக் காலையில் அவர்களிடமே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தான் உரித்த காய் எப்படி இருக்கிறது என்று பார்க்கவாவது ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள்.

மிஞ்சிப்போனால் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள், வாடை வந்துவிடும். மறுநாள் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, மிஞ்சிய காயைக் கொத்திப்போட்டுப் பிசைந்து, அடை மாதிரி தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்கச் சுடுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சீமையில் மிச்சக்காயை இப்படித்தான் உருளைக்கிழங்கோடு வறுத்துத் தீர்ப்பார்கள். நாம் கூட ஒரு பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்துக்கொள்வோம்.

நான் பார்த்துவிட்டு வந்த அந்த வீட்டில், வாசலில் இருந்த சாக்கிலிருந்து அரைக் கிலோ எடுத்து, அந்த அம்மாவின் இரும்பு வாணலியிலேயே அன்றைக்குச் செய்து காட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பையன் உருளைக்கிழங்கு வறுவல் என்று நினைத்து நாலு எடுத்துத் தின்றுவிட்டான். என்ன காய் என்று சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தான். அப்புறம் ஐந்தாவதையும் எடுத்தான்.